மந்திரவாதியின் வீட்டில் ஒன்பது படிகள்

நாற்பத்திரண்டு வயதில் நான் மந்திரவாதி ஆனேன். பகலில் தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் மனுக்களைப் பார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புகிறவன், சாயங்காலம் ஆறரை மணிக்குக் கை கால் கழுவிவிட்டு டிவி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், இடது கையில் நெருப்பும் வலது கையில் பனியும் ஏந்திய ஆசாமி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அப்போது நானும் சிரித்துக்கொண்டுதான் ஆடினேன். இப்போது சிரிப்பு வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேம் பெட்டியைக் கொடுத்தது ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர். அவர் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டான். பெட்டி சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள், மனசுக்கு ஒரு மாற்றாக இருக்கும் என்றார். என் அப்பா தவறி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் மூன்றே பேர்தான்: அப்பா, என் மனைவி, நான். கடைசி இரண்டரை வருஷம் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்து பேச்சும் போய்விட்டது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் தனியார் பள்ளிக்கூட வேலையை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. அப்பா கையில் எப்போதும் ஒரு பழைய பிரம்புக் கம்பு இருக்கும். பேச்சு போன பிறகு அதுதான் அவருக்கு வாய். தரையில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும், இரண்டு தட்டினால் பாத்ரூம், விடாமல் தட்டினால் டிவியில் சேனலை மாற்ற வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நான் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தட்டினால், "ஏட்டி, அப்பா என்னமோ கேக்காரு பாரு" என்று கத்துவதோடு என் கடமை முடிந்துவிடும்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் என் அக்கா அப்பாவின் சாமான்களை ஒரு சாக்கில் கட்டினாள். அக்கா சாத்தான்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் குடும்பத்தில் எது செய்யலாம், எது செய்யக் கூடாது என்பதெல்லாம் அவள் தீர்ப்புதான். பாய், வேட்டி, துண்டு, செருப்பு, மருந்து டப்பா, கடைசியில் கம்பு.

"மதினி, அந்தக் கம்பு மட்டும் இருக்கட்டுமே" என்றாள் என் மனைவி.

"போனவரு சாமானு வீட்டுல தங்கப்பிடாது ட்டி. எல்லாம் அவரு கூடவே போயிரணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாக்கின் வாயைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து, 'அக்கா, அது இருந்துட்டுப் போகட்டும்' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குறுக்குத்துறையில் கொண்டுபோய் எல்லாவற்றையும் ஆற்றில் விட்டோம். பிரம்பு ஆனதால் கம்பு முங்கவில்லை. கொஞ்ச தூரம் மிதந்துகொண்டே போனது.

அதற்குப் பிறகு வீட்டில் தட்டுகிற சத்தமே இல்லை. அவளுக்குப் பகல் முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லை. திரும்ப வேலைக்குப் போகலாம் என்றால் பள்ளிக்கூடம் திறந்து நடுவில் யார் எடுப்பார்கள்? மத்தியானம் ஆபீஸிலிருந்து போன் போட்டால், "என்ன செய்யுத?" என்பேன். "சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்பாள். அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கேம் பெட்டி வீட்டுக்குள் வந்தது.

ஆட்டம் ஒரு பெரிய தேசம். மலை, காடு, ஆறு, பனி, பாழடைந்த கோட்டைகள். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். முதலில் நாம் யார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வாள் தூக்குகிற வீரன், வில்லாளி, திருடன், மந்திரவாதி. வாளை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஆடினேன். பார்க்கிற ஓநாய் எல்லாம் என்னைக் கடித்துக் குதறியது. சரி, தூரத்தில் நின்றே அடிக்கலாம் என்று மந்திரவாதிக்கு மாறினேன். என் சுபாவத்துக்கும் அதுதான் பொருத்தம். பக்கத்தில் போகாமலே காரியம் முடிய வேண்டும் எனக்கு.

ஒரு நாள் சாயங்காலம் வந்து ஆட்டத்தைப் போட்டால், மந்திரவாதி நான் விட்ட இடத்தில் இல்லை. எங்கேயோ ஒரு ஆற்றங்கரையில் நிற்கிறார். பை நிறைய செடியும் பூவும்.

"ஏட்டி, இத நீ தொட்டியா?"

"மத்தியானம் கொஞ்ச நேரம் நடந்து பாத்தேன். உங்க ஆளுதான? ஒண்ணும் கெடுக்கல" என்றாள்.

அப்படித்தான் ஒரே மந்திரவாதி எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானார். பகலில் அவளுக்கு, சாயங்காலம் எனக்கு. நான் ஆடும்போது அவர் குகைக்குள் புகுந்து எலும்புக்கூடுகளைக் கொளுத்துவார். அவள் ஆடும்போது சண்டையே கிடையாது. ஓநாய் வந்தால் மறைகிற மந்திரத்தைப் போட்டுக்கொண்டு பைய ஒதுங்கிப் போய்விடுவாள். தண்ணீர் மேல் நடக்க ஒரு மந்திரம் உண்டு. எதிரிக் கோட்டைக்குப் பின்பக்கமாகப் போவதற்காக நான் அதைக் கற்றேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு ஆற்றின் நடுவிலேயே மணிக்கணக்காக நடப்பாள். உள்ளங்கையில் வெளிச்ச உருண்டை வரவழைக்கிற மந்திரம், எனக்குத் தரையில் பொறி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. அவளுக்கோ குகைச் சுவரில் முளைத்த காளானைப் பார்க்க.

"ஒரு லெவல் கூட ஏறாம இப்படிச் சுத்துனா என்னத்துக்கு ஆகும்?" என்பேன்.

"நீங்க ஏத்துங்க. நான் ஊரு பாத்துக்கிடுதேன்."

உண்மையைச் சொன்னால் அந்தத் தேசத்தை எனக்குக் காட்டியது அவள்தான். வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டு அங்கே போய்க் குதிக்கிறவன் நான். நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வடக்கே ஒரு அருவிக்குப் பின்னால் குகை இருப்பதும், அதற்குள் நின்றால் தண்ணீர்த் திரை வழியாகச் சூரியன் தெரிவதும் அவள் சொல்லித்தான் போய்ப் பார்த்தேன். "நம்ம பாணதீர்த்தம் மாதிரி இல்ல?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உடனே வேறு இடத்துக்குக் குதித்துவிட்டேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மந்திரவாதியைப் பனிமலை மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை குளிரில் செத்தார். மூன்று தடவையும் அடிவாரத்திலிருந்து திரும்ப ஏற்றினாள். உச்சியில் ஒரு குடிசை. உள்ளே ஆள் இல்லை. சுவரில் அடித்த ஒரு முளையில் பழைய கைக்கம்பு தொங்கியது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். மந்திரக்கோல் இல்லை, ஆயுதமும் இல்லை. அடிபலம் பூஜ்யம்.

"இதுக்கா இம்புட்டு தூரம் ஏறுன? கிறுக்கா உனக்கு?"

"அது அங்கன இருக்குன்னு ஒரு கெழவரு சொன்னாரு. அதான்" என்றாள். ஆட்டத்தில் வருகிற ஏதோ கிழவரைச் சொன்னாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். என் மண்டையில் அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை.

புரட்டாசி பிறந்ததும் கொலுப் பேச்சு வந்தது. இந்தக் கொலு அவளுடைய அம்மா வீட்டுச் சீதனம் மாதிரி. ஏரலில் அவள் அம்மா வைத்துக்கொண்டிருந்தது. ஒரு மார்கழியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, பெட்டியில் இருந்த மண் பொம்மைகள் கரைந்து வெறும் களிமண் ஆகிவிட்டன. மிஞ்சியது ஒரு ஜோடி மரப்பாச்சியும் பரணில் இருந்த பத்துப் பன்னிரண்டு பொம்மைகளும்தான். அடுத்த வருஷம் அவள் அம்மா இறந்துபோனாள். அம்மாவின் கொலு ஒரு வருஷமும் நின்றதில்லை என்பது அவளுக்குப் பெரிய விஷயம். மரப்பாச்சியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வருஷத்துக்கு இரண்டு மூன்று பொம்மை சேர்த்து, திரும்ப ஒன்பது படிக்கு வந்திருந்தாள். வருஷா வருஷம் பெஞ்சும் பலகையும் டிரங்குப் பெட்டியும் அடுக்கிப் படி கட்டி, மேலே அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்துக் கொடுப்பது நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். படி கட்டியவன் நான்.

"படியெல்லாம் வேண்டாம். மரப்பாச்சிய மட்டும் பூஜை ரூம்ல ஓரமா வச்சு ஒரு வெளக்கு ஏத்திக்கிடுதேன்" என்றாள்.

தவறிப்போன வருஷம் வீட்டில் பண்டிகை கிடையாது. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அவள் கேட்டது பண்டிகை இல்லை என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும், அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்தேதான் போட்டேன்.

"ஏலே, அப்பா போயி நாலு மாசம் ஆகல. ஊரு சிரிக்கும்" என்றாள் அக்கா.

அதை அப்படியே கொண்டுவந்து இவளிடம் ஒப்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நாக்கு நீளம். "எங்கப்பா போயிட்டாரு, உனக்குப் பொம்ம வெளையாட்டு கேக்குதா?" என்றேன்.

இரண்டரை வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஊட்டி, துடைத்தவளைப் பார்த்து 'எங்கப்பா' என்றேன் பாருங்கள், அந்த வார்த்தைக்காக என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் கூடத் தகும்.

அதே வாரம் ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. பெரிய பணி ஒன்றை முடித்ததற்குப் பரிசு. மலை மேல் ஒரு மந்திரவாதிக் கோபுரம் அல்லது ஆற்றங்கரை ஊரில் ஒரு மர வீடு, இரண்டில் ஒன்று. கோபுரம்தான் என்று நான் பொத்தானை அழுத்தப் போனேன்.

"ஆத்தங்கர வீட்ட எடுப்போமே" என்றாள். "உள்ள படி இருக்கு."

"கோபுரத்துல இல்லாத படியா?"

"அது சுத்திச் சுத்திப் போகுது. இது நேரா இருக்கு."

சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. சமாதானமாகப் போகட்டும் என்று மர வீட்டையே எடுத்தேன். பெரிய தியாகம் செய்த நினைப்பு எனக்கு.

அதற்குப் பிறகு சாயங்காலம் நான் ஆட்டத்தைப் போடும்போதெல்லாம் மந்திரவாதி அந்த வீட்டுக்குள்தான் நிற்பார். மாடிக்குப் போகிற படிகளில் சாமான்கள் பரத்திக் கிடக்கும். அந்த ஆட்டத்தில் ஒரு பொருளைக் கீழே வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். மேலே நடந்தால் உருளும். நான் மாடிக்கு ஓடினால் கிண்ணமும் கிளிஞ்சலும் தடதடவென்று கீழே விழும். மறுநாள் பார்த்தால் எல்லாம் படியேறி உட்கார்ந்திருக்கும்.

"யாரு இதெல்லாம் உருட்டிவிட்டது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"மந்திரவாதி பெரிய அங்கி போட்டிருக்காருல்லா, தடுக்குது. நீ ஏன் படியில சாமான வைக்க? அலமாரி எதுக்கு இருக்கு?"

"பைய ஓரமா ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ தடவை அவள் மேல் பழியைப் போடப் பார்த்திருக்கிறேன். பொம்மை விளையாட்டு என்று சொன்னவனிடம் எப்படிச் சொல்வாள்?

சரஸ்வதி பூஜை அன்று ஆபீஸ் லீவு. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மணிச் சத்தம். ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைக்கிறார்கள். பொரி வாசம் ஜன்னல் வழியாக வருகிறது. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை. அவள் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. மற்ற வருஷமானால் அன்றைக்குப் பேனாவையே தொடமாட்டேன். புத்தகமும் கருவியும் பூஜையில் இருக்கும். இந்த வருஷம்தான் பூஜை இல்லையே என்று ஆட்டத்தைப் போட்டேன்.

மந்திரவாதி படிகளுக்கு முன்னால் நின்றார். கையில் மந்திரக்கோல் இல்லை. பார்த்தால், முதல் படிக்குக் கீழே தரையில் கோல் கிடக்கிறது. பக்கத்தில் அவருடைய மந்திரப் புத்தகங்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் மேல் ஒரு மஞ்சள் பூ.

அட மடையா! பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன், வருஷா வருஷம் புத்தகத்தை அடுக்கிப் பூ வைத்துக் கும்பிட்டவன், அன்றைக்கு என்ன நாள் என்று தெரிந்தவன். தெருவே மணி அடித்துச் சொல்லுகிறது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கோலை ஏன் இப்படிக் கீழே போட்டிருக்கிறாள்? எடுத்துக் கையில் பிடித்தேன், புத்தகங்களைப் பையில் போட்டேன். பூ உருண்டு ஓரத்துக்குப் போனது.

எனக்கு அப்போது ஒரு மந்திரம் வேண்டியிருந்தது. கிழக்கு மலைக் கணவாயில் ஒரு கல் அரக்கன் வழியை மறித்து நின்றான். இரண்டு வாரமாக அவனிடம் செத்துக்கொண்டிருந்தேன். புயலை வரவழைக்கிற மந்திரம் இருந்தால் அவனை வீழ்த்தலாம். அதைக் கற்க நிறைய சாரம் வேண்டும். சாரம் எப்படிக் கிடைக்கும் என்றால், மந்திரவாதி தன்னிடம் உள்ள பொருட்களை ஒரு கல்மேஜையில் வைத்து உடைக்க வேண்டும். உடைத்தால் அதில் உள்ள சக்தி அவருக்குள் வரும், பொருள் போய்விடும்.

என்னிடம் உடைக்கப் பொருள் இல்லை. படி நிறைய இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்தேன். கீழ்ப் படியிலிருந்து மேலே. பெயர் திரையில் வரும், பொத்தானை அழுத்துவேன், கண்ணாடி நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நீல வெளிச்சம். அடுத்தது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், முக்கால் மணி நேரம். அவள் போட்ட குப்பையைச் சுத்தம் செய்த மாதிரியும் ஆச்சு, மந்திரம் கற்ற மாதிரியும் ஆச்சு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. நடுவில் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. கைக்கம்பு. அதை மேஜையில் வைத்தபோது, இதில் சாரம் ஏதும் இல்லை, ஆனாலும் உடைக்கவா என்று திரையில் கேட்டது. வேறு எந்தப் பொருளுக்கும் அப்படிக் கேட்கவில்லை. ஆமாம் என்று அழுத்தினேன்.

முடிந்ததும் சேமித்தேன். ஆபீஸ் பழக்கம், ஒரு காரியத்துக்கு ஒரு ஃபைல்தான் என்னிடம். பழையதின் மேலேயே புதியதைச் சேமிப்பேன்.

அவள் கூடையைச் சமையலறையில் இறக்கிவிட்டு வந்தபோது, நான் கணவாயில் புயலை வரவழைத்துக் கொண்டிருந்தேன். "பாத்தியா, பாத்தியா! இந்த மந்திரத்தப் பாரு!" என்று கூவினேன். திரையெல்லாம் மின்னல். கல் அரக்கன் துண்டு துண்டாகச் சிதறினான்.

"இதுக்கு நெறைய சாரம் வேணும்லா? எங்கன கெடச்சுது?" என்று கேட்டாள்.

"படியில கெடந்த சாமானத்தான்..."

முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினேன். அவள் என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கினாள். மந்திரவாதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கதவைத் திறந்தாள். வெறும் படி. படிக்குக் கீழே அந்தப் பூ ஒன்று மட்டும் ஓரமாகக் கிடந்தது. ரொம்ப நேரம் மந்திரவாதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மொதப் படியில புல்லும் செடியும் வச்சிருந்தேன்" என்றாள். "ரெண்டாவதுல நத்தையும் சங்கும். மூணாவதுல எறும்பு கெடைக்கல, சின்னப் பூச்சி ஒண்ண குப்பியில வச்சேன். நாலாவதுல நண்டு. அஞ்சாவதுல மானு, குருவி. ஆறாவதுல மனுசப் பொம்ம. நாலு நாளு அலஞ்சு ஒரு ஜோடி மரப்பொம்ம தேடுனேன். ஒம்பது படி. நீங்க எண்ணக்கூட இல்லையா?"

ஓரறிவிலிருந்து மேலே மேலே, எங்கள் வீட்டில் அவள் வைக்கிற அதே வரிசை. அந்த வரிசைக்குப் பதினோரு வருஷமாகப் படி கட்டிக் கொடுத்தவன் நான்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ட்டி. நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"அப்போ அம்மா பொம்மயெல்லாம் ஆத்துத் தண்ணி கரைச்சுது. அதுக்குக் கண்ணு இல்லன்னு மனச ஆத்திக்கிட்டேன்" என்றாள். கத்தவில்லை, அழவும் இல்லை. கன்ட்ரோலரை டிவி மேஜையில் வைத்தாள். "வாழக்கா வாங்கியிருக்கேன். வறுக்கவா, பொரியலா?"

"ஏழாவது படியில என்ன வச்சிருந்த?" என்று கேட்டேன். அது ஏன் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் ஆறோடு நிறுத்தியிருந்தாள். ஏழாம் படி பெரியவர்களுக்கு உரியது.

"மாமா கம்பு" என்றாள். சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஆட்டத்தைத் தொடவில்லை. நான் தொட்டேன். அவளுக்குத் தெரியாமல் அல்ல, அவள் பார்க்கும்படிதான். சண்டை எதற்கும் போகாமல், குதிக்காமல், நடந்தே போய்ச் செடியும் சங்கும் பொறுக்கினேன். புயல் மந்திரம் தெரிந்த பெரிய மந்திரவாதி ஆற்று மணலில் குனிந்து நத்தை தேடினார். ஆனால் என்ன செடி, எந்தச் சங்கு? ஒவ்வொன்றின் பெயரும் என் கண் முன்னால் வந்துதான் போனது. ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பனிமலைக் குடிசைக்கும் ஏறினேன். எனக்கு ஐந்து தடவை செத்த பிறகுதான் உச்சி வந்தது. சுவரில் முளை இருந்தது. முளையில் ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் செத்த ஓநாய்கள் திரும்ப வருகின்றன, பறித்த பூ திரும்பப் பூக்கிறது. அந்தக் கம்பு ஒன்றுதான் போலிருக்கிறது. கிடைத்ததைப் படியில் வைத்து அவளிடம் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள், விருந்தாளி சாம்பாரை நல்லாருக்கு என்பது போல.

எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. சமைக்கிறாள், ஊர்க்கதை சொல்கிறாள், அடுத்த ஜூனில் புதுப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ஒன்றுதான் மாறியது. என்னிடம் எதையும் கேட்பதில்லை. சினிமாவுக்குப் போவோமா என்று கேட்பதில்லை, ஏரலுக்குப் போய்வரட்டுமா என்று கேட்பதில்லை. போகிறேன் என்று சொல்கிறாள், போகிறாள். ஆரம்பத்தில் எனக்கு இது நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வருஷத் திதி முடிந்து அடுத்த புரட்டாசி வந்தது. அவள் சொல்லும் முன்பே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். பெஞ்சு, பலகை, டிரங்குப் பெட்டி. அப்பாவின் வேட்டிகள் சாக்கோடு ஆற்றில் போய்விட்டதால் என் வேட்டியை விரித்தேன். அவள் பொம்மைகளைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். மூன்றாம் நாள் அக்கா சாத்தான்குளத்திலிருந்து கருப்பட்டி மிட்டாயோடு வந்தாள். கொலுவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா வச்சிருக்க ட்டி. ஆனா இந்தப் படியில ஏன் இம்புட்டு எடம் சும்மா விட்டிருக்க? அந்தச் செட்டியார் பொம்மய இங்கன நவுத்தி வையேன்."

ஏழாம் படியில் இரண்டு மகான் பொம்மைகளுக்கு நடுவில், ஒரு முழ நீளத்துக்கு வெறும் வேட்டி தெரிந்தது. மூன்று நாளாக அது என் கண்ணில் படவே இல்லை.

"இருக்கட்டும் மதினி" என்றாள் அவள்.

"அப்பா கம்பு அக்கா" என்றேன் நான்.

"கம்பா? அதத்தான் அன்னைக்கே ஆத்துல விட்டாச்சே."

"விட்டோம். இவ போயி எடுத்துட்டு வந்தா. நான் ஒடச்சிட்டேன்."

"என்னலே ஒளறுத?" என்று அக்கா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "சுண்டல் எடுத்துக்கிடுங்க மதினி" என்று கிண்ணத்தை நீட்டினாள்.

பத்தாம் நாள் கொலுவைப் பிரித்தாள். பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"நான் எடுத்துத் தரட்டா?"

"வேண்டாம், நானே எடுத்துக்கிடுதேன்" என்றாள், கோபமே இல்லாமல். "எது எங்கன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுலா."